மேரி மேடமும் என் வயிற்றெரிச்சலும்

நேற்று எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த பெண், ஆண்டிமடத்திலிருந்து வறுத்த முந்திரி கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பிரித்ததும் வாசனை குப்பென்று வந்தது. அத்தனையும் முழுப்பருப்பு. உங்களிடம் மறைப்பானேன், எனக்கு வந்தது பசியில்லை, பழைய வயிற்றெரிச்சல்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், இதே அரியலூர்ப் பக்கத்துக் கல்லூரியில், இதே நிலவியல் துறையில் சண்முகம் சார் இருந்தார். அவரும் ஆண்டிமடம்தான். சீசனுக்கு முந்திரி கொண்டுவருவார். முழுப்பருப்பெல்லாம் முதலில் மேரி மேடத்துக்குப் போகும். என் மேசைக்கு வரும்போது உடைசல்தான் மிஞ்சும். "தீந்துருச்சு சார், அடுத்த வாட்டி பாப்போம்" என்பார். எத்தனை அடுத்த வாட்டி!

மேரி மேடம் ஏலாக்குறிச்சியிலிருந்து பஸ் மாறி வருவார். வயதில் என்னைவிட நாலைந்து வருஷம் மூத்தவர். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்துக்கு மாணவர்களைக் கூட்டிப்போனால், கல்லாகிக் கிடக்கும் சிப்பி முதலில் அவர் கண்ணில்தான் படும். அதுகூட எனக்கு ஆகாது.

அப்போதெல்லாம் லீவு எடுப்பது லேசான காரியமில்லை. லீவு லெட்டரின் அடியில் 'மாற்று ஏற்பாடு' என்று ஒரு வரி எழுத வேண்டும். நம் வகுப்பை எடுக்கச் சம்மதித்தவர் அதில் கையெழுத்துப் போட்டால்தான் துறைத்தலைவர் லெட்டரையே தொடுவார். ஆகவே லெட்டரோடு மேசை மேசையாக அலைய வேண்டும். எல்லோரும் நேராக மேரி மேடத்திடம் போவார்கள். அவர் காரணம் கேட்கமாட்டார். "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று போட்டுவிடுவார். நானும் போடுவேன். என்ன விசேஷம், யாருக்கு, எத்தனை நாள் என்று விசாரித்துவிட்டுத்தான் போடுவேன். அதற்கே எனக்குக் கெட்ட பெயர்.

ஒரு நாள் எனக்குப் பல்வலி. என் வகுப்பையும் மேடமே எடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அட்டெண்டர் கலியன் சுற்றறிக்கை நோட்டைக் கொண்டுவந்தார். மூன்று வாரப் பயிற்சி வகுப்பு, துறைக்கு ஒருவர்தான், விருப்பமுள்ளவர் இன்று மாலைக்குள் பெயர் எழுத வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. அந்த வருஷம் உயர்வுக்கு வரிசையில் நின்றவர் மேரி மேடம். எனக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது.

"மேடத்துக்கிட்ட காட்டிட்டு வரேன் சார்" என்றார் கலியன்.

"வச்சிட்டுப் போப்பா, நான் காட்டிக்கறேன்" என்றேன்.

என் பெயரை எழுதினேன். நோட்டை மாணவர்களின் ரெக்கார்டுகளுக்கு அடியில் செருகினேன். பல்வலி போன இடம் தெரியவில்லை.

மறுநாள் காலை நோட்டு மேடத்திடம் போனது. தேதியைப் பார்த்தார்.

"நேத்தே வந்துச்சா சார்?"

"ஆமாங்க மேடம். நீங்க கிளாஸ்ல இருந்தீங்க."

யாருடைய வகுப்பில் என்று அவர் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு நோட்டை மூடினார்.

வினை அதோடு விடவில்லை. மூன்று வாரத்துக்கும் மாற்று ஏற்பாடு வேண்டுமே. லெட்டரோடு நாலு மேசை ஏறி இறங்கினேன். சண்முகம் சார், "மூணு வாரமா? நம்மால ஆவாது சார்" என்றார். சாயங்காலம் மேடமே எழுந்து வந்தார். லெட்டரை வாங்கி, மூன்று வாரத்துக்கும் கையெழுத்துப் போட்டார். "போயிட்டு வாங்க சார்" என்றார். 'நான் பாத்துக்கறேன்' என்பதை மட்டும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது என் பாடமெல்லாம் முடிந்திருந்தது. "மேடமே எடுக்கட்டும் சார், நல்லாப் புரியுது" என்றார்கள் பிள்ளைகள். வெட்கப்பட்டிருக்க வேண்டிய நேரம். எனக்குப் பொறாமைதான் வந்தது. மேடத்தின் உயர்வு தள்ளிப்போன செய்தி வந்த அன்றுதான் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு தடவையாவது என்னிடம் லெட்டர் நீட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் லீவு எடுப்பதே அபூர்வம். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு வாரத்துக்கு எழுதினார். லெட்டரோடு என் பக்கம் வந்தார். நான் எதையும் விசாரிக்கக்கூடாது என்று நினைத்துப் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டேன். என்னைக் கடந்து, முந்தின நாள்தான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பையனிடம் போய், "கொஞ்சம் பாத்துக்கறீங்களா தம்பி?" என்றார். அவன் மேல் எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்ல.

மேடம் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. இப்போது லீவை செல்போனிலேயே போட்டுவிடுகிறார்கள். யார் வகுப்பை யார் எடுப்பது என்று கம்ப்யூட்டரே ஒதுக்குகிறது, யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மேடத்தின் லெட்டர் ஒன்றில்கூட என் கையெழுத்து கிடையாது.