லைனை விடாதவர்

அன்று மேலே வீட்டுக்காரர் இருந்தார். கீழே பேஸ்மென்டில் நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். நெஞ்சைப் பிடித்தபடி மாமனார் இருந்தார்.

கனடாவில், ஸ்காபரோவில் எங்களிடம் கைபேசி இல்லாத காலம் அது. மேலுக்கும் கீழுக்கும் ஒரே டெலிபோன் லைன்.

ரிசீவரை எடுத்தேன். வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, மாமாவுக்கு ஏலாமல் கிடக்கு. ஒருக்கா லைனை விடுங்கோ.”

“பாரிஸிலை தங்கச்சியோடை கதைக்கிறன். பொறும்.”

மனைவி மேலே ஓடினாள். மீசைக்கு மை பூசிய மனிதர். பேசும்போது வயரை விரலில் சுற்றுவார். சுற்றியபடியே அவளைக் கைகாட்டி நிறுத்தினார். ஆறுதலாக, அவசரமே இல்லாமல் பேசி முடித்துத்தான் வைத்தார். அதன் பிறகே அம்புலன்ஸுக்கு அடித்தேன். அவர்கள் வந்தபோது மாமாவுக்கு மூச்சில்லை.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று முதல் ஆளாக வந்தார். என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார்.

“எமேர்ஜென்சி எண்டு கேட்டால் லைனை விடவேணும். அதுக்குச் சட்டம் இருக்கு. நீர் ஏலாமல் எண்டுதானே சொன்னனீர்?”

“ஓம் அண்ணை.”

“அப்ப என்னிலை பிழையில்லை.”

பிறகு போய் மாமாவின் காலடியில் பூ வைத்துக் கும்பிட்டார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரை எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் அடித்த பிறகு அம்புலன்ஸ் வர எடுத்தது நான்கே நிமிடம்.