சிரித்தபடி ஒரு ஷாட்

தண்டையார்பேட்டை ஜுபைர் பாய்க்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சினிமாவுக்குக் கூட்டம் சேர்த்துத் தரும் பிழைப்பு அப்படி. மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் போதும், காசிமேட்டில் சும்மா கிடக்கிறவர்களை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்யாணமோ கலவரமோ சாவோ, எதற்கும் அவரிடம் ஆள் உண்டு.

இந்தமுறை கூப்பிட்டவள் கீர்த்தி என்ற சின்னப் பெண். சிநேகிதர்கள் கைக்காசைப் போட்டு எடுக்கிற படம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனை மெஷின் வந்து வீட்டுக்கு அனுப்புகிற கதை. கேட்டபோதே பாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

திருவொற்றியூர் குடோனில் வேலைநிறுத்தக் காட்சி. நல்ல பேர் வாங்க வேண்டுமே என்று, களையான முகங்களாகப் பார்த்து முதலில் உள்ளே அனுப்பினார். சுற்றிலும் கேமரா. ஒவ்வொருவராக நடுவில் நின்று கையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தார்கள். கோஷமும் இல்லை, ஓட்டமும் இல்லை. பாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இன்னாம்மா, ஸ்ட்ரைக்குன்றே, கூட்டமே இல்லியே? இன்னும் ஆளுங்கள இட்டுனு வரவா?"

"வேணாம் பாய். இவங்களையே கம்ப்யூட்டர் ஆயிரம் பேரா ஆக்கிடும்."

"அப்போ அடுத்த படத்துக்கு?"

கீர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள். "இப்ப எடுத்த இந்த உருவங்களையே வச்சுக்குவோம். எங்ககிட்ட ஏது பாய் காசு?"

கூட்டமே வேண்டாம் என்றால் கூட்டம் சேர்க்கிறவன் எதற்கு? நல்ல முகங்களையெல்லாம் தன் கையாலேயே உள்ளே தள்ளியாயிற்று. வாசலுக்கும் கேமராவுக்குமாக நடந்தார். அந்தப் பெண்மேல் கோபம் வந்தாலாவது தேவலை, அதுவும் வரவில்லை.

பிணமாக நடித்தவரைச் சினிமாக்காரர்கள் அபசகுனம் என்று அப்படியே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். எழுப்பி உட்கார வைத்து, சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுத்த பிறகுதான் விடுவார்கள். பாய் திடீரென்று நின்றார்.

"எல்லாரையும் சிரிக்க வெச்சு ஒண்ணு எடு."

"இங்க யாரும் சாகலையே பாய்?"

"அப்போ நாளைக்குக் கூப்புடுவியா?"

கீர்த்தி கேமராக்காரனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பிணமாகப் படுப்பதில் பேர்போன மெர்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் பாயும் போய் நின்றார். பல் மட்டும்தான் தெரிந்தது.

வெளியே வந்ததும் மெர்லின் கேட்டாள்: "அடுத்தது எப்போ பாய்?"

"கூப்புடுறேன்" என்றார், எப்போதும் சொல்வதுபோலவே. அவள் நம்பிச் சிரித்தாள். அவர் அந்த முகத்தைப் பார்க்காமல் வேன் நின்ற இடத்தைத் தாண்டியும் நடந்துகொண்டே இருந்தார்.