எட்டுக் குடத்தின் வேகம்

மூன்று சக்கர இரும்பு வண்டி, அதில் எட்டு பிளாஸ்டிக் குடம். என் மதினி அதை நகர்த்தத் தொடங்கும் முதல் நொடி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு காலையும் கரிசலில் ஊன்றி, உடம்பை முன்னே சாய்த்து மூச்சை அடக்குவாள். வண்டி அசையாது. பிறகு மயிரிழை நகரும். அதன்பின் ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டே மறுகையால் முந்தானையைச் செருகிக்கொள்வாள். தண்ணீர் தளும்பாதிருக்க ஒவ்வொரு குடத்திலும் ஒரு வேப்பங்கொத்து மிதக்கும். எம்.ரெட்டியபட்டியிலிருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பள்ளிக்கூடம் போனதே இல்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் போய் பிளஸ் ஒன் படித்தேன். அந்தப் பெருமை நடையிலேயே தெரியும் என்பார்கள். தொண்ணூறுகளில் மழை பொய்த்த ஒரு வருஷம் அது. தண்ணீர் லாரி நான்கு நாளைக்கு ஒருமுறை மெயின் ரோட்டில் வந்து நிற்கும். ஆறு பேர் குடிக்கவும் சோறாக்கவும் அந்த எட்டுக் குடம்தான். கண்மாய்க்கரை ஏறி இறங்கினால் வீடு.

அன்று கரை ஏறும்வரை இருவரும் சேர்ந்து தள்ளினோம். இறக்கத்தில் மதினி கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தபடி, குதிகால் ஊன்றி, அடிமேல் அடி வைத்து இறக்கினாள். அந்த ஆமை வேகம் எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் முன்னாடி நின்னு தாங்கிக்கிறேன் மதினி. மொத்தம் நூத்தம்பது கிலோ இருந்தாலும், இந்தச் சரிவுல கீழ இழுக்குறது பதினஞ்சு கிலோதான். புத்தகத்துலயே இருக்கு."

"ஏ புள்ள, அந்தப் புத்தகம் எழுதுனவுக தண்ணி எடுத்திருக்காகளா?"

முன்னால் போய் இரண்டு உள்ளங்கையாலும் தாங்கினேன். வண்டி நின்றது. "பாத்தீகளா?" என்றேன். மதினி பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள். நான் ஓர் அடி பின்னால் வைத்தேன். சரளையில் குதிகால் வழுக்கியது. கையை விட்டு வண்டி ஒரு முழம்தான் ஓடியிருக்கும். மறுபடி கை வைத்தபோது நான் தாங்கி நின்ற வண்டி அது இல்லை. என்னைப் பின்னால் ஓடவைத்துக்கொண்டு வந்தது.

"வெலகுடி!"

விலகவில்லை. கணக்கு சரிதானே என்ற வீம்பு.

மதினி கைப்பிடியின் ஒரு முனையில் தன் உடம்பு முழுவதையும் போட்டுத் தொங்கினாள். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து என்னை உரசி விழுந்தது. எட்டில் ஐந்து குடத் தண்ணீர் கரிசல் வெடிப்புக்குள் போய்விட்டது. வேப்பங்கொத்துகள் மட்டும் மேலே கிடந்தன.

அவள் முழங்கையில் ரத்தம். என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கக் கேட்டாள்: "நிக்கிறப்ப பதினஞ்சு கிலோ. சரி. ஓடி வாரப்ப எம்புட்டு?"

எடை மாறவில்லை. மாறியது வேகம். நிற்பதை நிற்கவைக்கும் விசை வேறு. ஓடுவதை நிறுத்த வேண்டிய விசை வேறு. மனப்பாடமாக ஒப்பித்த விதி அன்றுதான் என் எலும்புக்குள் இறங்கியது. எழுத்துக்கூட்டத் தெரியாத ஒருத்தி, புத்தகத்திடம் நான் கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

மூன்று குடத்தோடு வீடு சேர்ந்தோம். "எங் கைதான் தவறிருச்சு அத்தே" என்று முந்திக்கொண்டாள் மதினி. அம்மா அவளைப் பிடிபிடியென்று பிடித்தாள். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"மதினி இல்லம்மா. நான்தான் கணக்கத் தப்பாப் போட்டேன்."

"தண்ணி கொட்டுனதுக்கும் கணக்குக்கும் என்னடி?" என்றாள் அம்மா.

ரத்தம் காயாத கையால் வாயைப் பொத்திக்கொண்டு மதினி சிரித்தாள்.