பௌர்ணமியன்று ஏற்றிய ரத்தம்

"மலை கிட்ட வருது, அப்புறம் தூரப் போவுது சிஸ்டர். பாக்க நல்லாத்தான் கீது," என்றாள் தேன்மொழி, ஜன்னலைப் பார்த்தபடி. ரத்தம் குறைந்தவர்கள் இப்படி அழகழகாகப் பேச ஆரம்பித்தால் நர்ஸ் பயப்பட வேண்டும். புதிதாக டியூட்டிக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, இதை மனதில் வையுங்கள்.

தேன்மொழிக்குத் தலசீமியா. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்த பிறவிக் கோளாறு. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே சரியாக உண்டாக்காது. சில வாரங்களுக்கு ஒருமுறை எங்கள் வார்டுக்கு வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும், ஆயுசு முழுக்க. ரத்தமும் இலவசம், மாத்திரையும் இலவசம். அப்புறம் என்ன, ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே வைத்தியம்தானே என்பீர்கள். கேளுங்கள்.

அடுத்த கட்டிலில் நிவேதா. அதே வியாதி, ஏறக்குறைய அதே வயது. அப்பாவுக்கு வேங்கிக்காலில் அரசு வேலை. அசதி எப்படி என்று கேட்டால் "ஜாஸ்தி சிஸ்டர்" என்பாள். தேதிக்கு முன்பே காரில் வந்துவிடுவாள். தேன்மொழியைக் கேட்டால் எப்போதும் "கம்மிதான்." செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் அறை கூட்டி, படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை அவளுக்கு. போனால்தான் கூலி, அந்தக் கூலியில்தான் வீடு. ஜாஸ்தி என்று சொன்னால் நாங்கள் படுக்க வைத்துவிடுவோமே! அதனால் கம்மி.

அன்றைக்குப் பௌர்ணமி, மலையைச் சுற்றிக் கிரிவலம் போக வெளியூர்க் கூட்டம் வந்து குவியும் நாள். மாத்திரை வாங்கிப் போக மட்டும்தான் வந்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருந்தது.

"போன வாரமே வரச் சொன்னேன். ஏம்மா வரல?"

"ரூமெல்லாம் ஃபுல் ஆவுற நேரம் சிஸ்டர். பௌர்ணமி முடிஞ்சி வந்து ஏத்திக்கிறேன்."

"அதுவரைக்கும் நீ இருக்கணுமேடி!" என்று கத்திவிட்டேன். டாக்டரும் அதட்டிய பிறகுதான் படுத்தாள். மாதிரி எடுத்து, பொருத்தம் பார்த்து, ரத்தப் பை வந்துசேர மதியம் ஆகிவிட்டது.

மதியத்தில் எங்கள் வார்டு ஒரு தூங்குமூஞ்சி உலகம். ஃபேன் முனகும். சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே கண் சொக்கும். கிரிவலத்துக்கு வந்த கூட்டத்தின் அரோகரா எங்கிருந்தோ மிதந்து வந்து மிதந்து போனது. நிவேதா தன் அம்மாவின் மடியில் தூங்கினாள். தேன்மொழி பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, "மொட்டை மாடியில விரிப்பெல்லாம் காயுது சிஸ்டர். நானும் அதுல ஒண்ணா ஆடினுகீறேன்," என்றாள். சிரித்தேன். அந்த நேரம் எல்லாமே லேசாக இருந்தது.

அப்போது அவள் போன் அடித்தது. லாட்ஜ் மேனேஜர். நான் வாங்கிப் பேசினேன்.

"சார், பொண்ணுக்கு ரத்தம் ஏறினு இருக்கு."

"ஒங்க ஆஸ்பத்திரி தெனமும் கீது. பௌர்ணமி தெனமும் வருமாம்மா? நாலு மணிக்கு வரலன்னா வேற ஆள் போட்டுக்கிறேன்." வைத்துவிட்டார். பாழாய்ப் போனவன்!

சத்தத்தில் விழித்த நிவேதா, "லீவு சொல்லிக்கலாம் இல்ல?" என்று கேட்டாள். பாவம், அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

"லீவு சொன்னா ஒரேடியா லீவு வுட்டுடுவாங்க," என்ற தேன்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், அந்த ரோலரைக் கொஞ்சம் தொறந்து வுடுங்க. வேகமா ஏறட்டும். கால்ல வேணா வுழறேன்."

ரோலர் என்பது ட்யூபில் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சக்கரம். கட்டை விரலால் ஒரு தள்ளு போதும். ஆனால் இவ்வளவு ரத்தம் குறைந்த உடம்பில் வேகமாக ஏற்றினால் இதயம் தாங்காது, மூச்சு முட்டிவிடும். "முடியாதும்மா," என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். நிவேதாவின் அம்மா ஃபிளாஸ்கிலிருந்து பால் ஊற்றிக் கொடுத்தார். அதை வாங்கவும் இல்லை.

பை காலியாகும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. நகத்தில் சிவப்பு தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டமாக ஓடினாள். அதற்குள் லாட்ஜில் வேறொருத்தி விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாளாம்.

ரோலரைத் திறக்காதது சரி. இன்றைக்குக் கேட்டாலும் திறக்க மாட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. பௌர்ணமிதான் இந்த ஊர்க் கூலிக்காரர்களுக்கு அறுவடை. நாங்கள் போடுகிற தேதியோ சுற்றிச் சுற்றி அதன் பக்கத்திலேயே வந்து விழுகிறது. டாக்டரிடம் பேசி, கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொள்ள அனுமதி வாங்கினேன். அடுத்த முறை அவள் வந்ததும் காலண்டரைத் தூக்கிக்கொண்டு பெருமையாக அவள் கட்டிலுக்குப் போனேன்.

"இனிமே ஒனக்குத் தோதான நாள்லதான் ஏத்துவோம். எந்த நாள் வேலைய வுட முடியாது, சொல்லு கண்ணு."

தேன்மொழி காலண்டரைப் பார்த்தாள். சிரித்தாள்.

"இப்ப எல்லா நாளும் ஃப்ரீதான் சிஸ்டர்."

தேதி போடும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், பிள்ளைகளே. வேலை இருக்கும்போதே கேளுங்கள்.