மாலினி "சரி" சொன்ன மத்தியானம்

போன வாரம் தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில், பக்கத்துச் சீட்டுப் பெண் செல்போனில் ஏதோ பழைய தொடர் பார்த்துக்கொண்டு வந்தாள். காதில் இயர்போன். சத்தம் கேட்காமலேயே அந்த முகம் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மாலினி! வீரபாண்டி தாண்டும்வரை கழுத்தை நீட்டி ஓசியில் பார்த்தேன்.

மாலினி யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்பு, மத்தியானம் இரண்டு மணித் தொடரின் நாயகி. மனசு சரியில்லாமல் மாத்திரை சாப்பிடுகிறவள். கூடப் படித்தவனைக் காதலித்தாள். மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும் அவன் ஓடிப்போனான். கட்டிக்கொண்டவனோ அவளைப் பைத்தியம் என்று சொல்லி அறையில் பூட்டிவைத்தான். கதவை உடைத்துக்கொண்டு வந்தவளுக்கு, வேலை பார்த்த இடத்தில் மனைவியை இழந்த ஒருவன்மேல் பிரியம் வந்தது. கட்டிக்கொள்கிறாயா என்று அவனும் கேட்டுவிட்டான். அதற்குப் பதில் சொல்லாமல் மூன்று வாரம் இழுத்தார்கள்.

நான் அப்போது சின்னமனூரில் ஒரு கேபிள் டிவி ஆபீசில் போன் எடுக்கிற வேலையில் இருந்தேன். சூடேறிய சேனல் பெட்டிகளின் ரப்பர் வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. படம் தெரியவில்லை என்று புகார் சொல்கிறவர்களைவிட, கரண்ட் போனதால் விட்டுப்போன கதையைக் கேட்கிறவர்கள்தான் அதிகம். நானும் என் கைச்சரக்கைக் கொஞ்சம் சேர்த்தே சொல்வேன்.

அப்படிப் பழக்கமானவர் வசந்தாக்கா. பக்கத்து ஊர். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். புருஷனிடம் விவாகரத்து வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டில் இருந்தார். வாழைத்தார் லாரி ஓட்டுகிற ஒருவர் அவரைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார்.

"மாலினி சரின்னு சொல்லட்டும் தங்கச்சி, அன்னைக்கே நானும் எங்கண்ணங்கிட்டச் சொல்லிப்புடுறேன்" என்பார். விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் அந்த ஊரிலிருந்து நாலு பேர் ஆபீசுக்கு வந்தார்கள். "அந்த நாடகத்தப் பாத்துப் பொம்பளைக கெட்டுப் போறாக. அந்த அரை மணி நேரத்த நிப்பாட்டிருங்க" என்றார் ஒருவர். அவர் வசந்தாக்காவின் அண்ணன் என்று பிறகுதான் தெரிந்தது. முதலாளி தலையாட்டினார். மறுநாள் இரண்டு மணிக்கு அந்தச் சேனலின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

போன் அடித்தது. "தங்கச்சி, படம் வரலையே! இன்னைக்குத்தான சொல்லப் போறா?"

எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, பிளக்கைச் செருகினேன். போனைக் கீழே வைக்காமல் அவர் அங்கேயும் நான் இங்கேயுமாகப் பார்த்தோம். மாலினி அவனை நேருக்கு நேர் பார்த்து, "சரி" என்றாள். "வச்சிர்றேன் தங்கச்சி" என்றார் வசந்தாக்கா.

கை கழுவின ஈரத்தோடு முதலாளி வந்தார். "யாரக் கேட்டுப் போட்ட?"

"யாரையும் கேக்கலண்ணே. நாளைக்கும் போடுவேன்."

"நாளைக்கு நீ இங்கன வந்தாத்தான?"

வேலை போயிற்று. வீரமாகப் பேசிவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டேதான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறேழு மாதம் கழித்து உத்தமபாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, "கம்பம் வண்டி போயிருச்சா?" என்று பின்னால் ஒரு குரல். திரும்புவதற்கு முன்பே "வசந்தாக்கா!" என்று கத்திவிட்டேன். நெற்றியில் ஒரு தழும்பு. பக்கத்தில் லாரிக்காரர்.

"அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிட்டேன். அடிச்சாக. அடிச்சா வலிக்கும், அதுக்கு மேல என்னத்தச் செஞ்சிருவாக? ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நடந்தே போனேன்" என்றார்.

தொடரில் மாலினியைக் கடைசியில் விபத்தில் சாகடித்தார்கள். மூன்று பேரை நினைத்தவளுக்கு அதுதான் முடிவாம். வசந்தாக்கா மகளைக் காலேஜுக்கு அனுப்பிக்கொண்டு கம்பத்தில் சௌக்கியமாக இருக்கிறார்.

அந்த ஆபீஸ் இன்று செல்போன் கடை. போன் மணி இல்லை, கதை கேட்கிற குரல்களும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏக்கம் உண்டு. ஆனால் நாலு ஊர்ப் பெண்கள் எதைப் பார்க்கலாம் என்பதைச் சாப்பிடப் போகிற அவசரத்தில் ஒரே ஓர் ஆள் முடிவு செய்த காலமும் கூடவே ஒழிந்தது. அதற்காக நான் ஒரு சொட்டுக்கூட வருத்தப்படவில்லை.