அடுப்புக்கு மேல் காய்ந்த கெசட்

தொண்ணூறுகளில் பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் நாங்கள் மூன்று பேர் ஒரு இசைக்குழு வைத்திருந்தோம். குழு என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். ஸ்டோர் என்று தோட்டத்தில் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அங்கே கொழுந்து அரைக்கும் மெசின் போடும் சத்தம்தான் எங்களுக்குச் சுருதி. நண்பன் தகரத்தையும் தப்பு மேளத்தையும் மாற்றி மாற்றித் தட்டுவான். கொழுந்து பறிக்கும் ஒரு தங்கச்சி, சொல்லே இல்லாமல், மெசினோடு மல்லுக்கட்டிப் பாடுவாள். நான் டேப் ரெக்கோடரில் கெசட் போட்டுப் பதிவு செய்வேன். கோயில் திருவிழாவில் ஒரே ஒரு முறை மேடை ஏறினோம். "மெசின் பழுதாப் போச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த வாரமே இன்னொரு கெசட் பதிவு செய்தேன்.

பிறகு நண்பன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். என்னிடம் இருந்த கெசட்டுகளில் வீட்டார் சினிமாப் பாட்டு ஏற்றிவிட்டார்கள். மிஞ்சியது ஒன்றுதான், அது பாடிய தங்கச்சியிடம் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் குரல் கரகரத்துப் போனது. "என் பழைய கொரல ஒரு தடவ கேக்கணும்ணே" என்று அந்தக் கெசட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பனிக்குப் பூசணம் பிடிக்கும் என்று, லயத்து வீடுகளில் உப்பையும் நெருப்புப்பெட்டியையும் வைப்பது போல, அடுப்புக்கு மேல் பத்திரமாக வைத்திருக்கிறாள். அத்தனை வருடச் சூட்டில் நாடா நெளிந்து கிடந்தது.

பதுளையில் கெசட் கடைக்காரர் "தூக்கிப் போடுங்க" என்றார். விடுவேனா? வேறொரு கெசட்டைக் கழற்றி, நாடாவை அதற்குள் மாற்றிச் சுற்றினேன். அறுந்தது, ஒட்டினேன். மறுபடி அறுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் இதே வேலை. மனைவி என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

ஒருவழியாகப் பாடியது. தங்கச்சியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். மெசின் நன்றாகவே கேட்டது. அவள் குரல்தான் இழுபட்டு, யாரோ ஆம்பளை முனகுவது போல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முழுதாகக் கேட்டாள்.

"ஸ்டோரு இன்னமும் ஓடுதுதானே?"

"ஓடுது."

"அப்ப ரெக்கோடர எடுங்கண்ணே. மெசினு கூடப் பாடுனவதானே நானு? இப்ப என் தொண்டையும் மெசினாட்டம்தான் இருக்கு. சேந்து வரும்."

போனோம். புதுக் கெசட் போட்டேன். நரம்பு புடைக்கப் பாடினாள். அந்தக் கரகரப்பு மெசினுக்குக் கொஞ்சமும் அடங்கவில்லை. நாடா தீர்ந்து ரெக்கோடர் நின்றபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. போதும், வீட்டுக்குப் போ என்றேன்.

"இன்னொரு பக்கம் இருக்குல்ல," என்றாள். "திருப்பிப் போடுங்க."