கம்பி தொடாமலே வந்த எண்

கல்லூரி அட்டெண்டர் என் வகுப்பு வாசலில் வந்து நின்று, "மேடம், நம்ம இசக்கியப்பன் சார் தென்காசி ஆஸ்பத்திரியில தவறிட்டாவ" என்றார். "எந்த இசக்கியப்பன்?" என்று கேட்டேன். எங்கள் கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு இசக்கியப்பன்தான், பக்கத்து இயற்பியல் ஆய்வகத்தில். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்னும் தெரியவில்லை.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். கம்ப்யூட்டர் கதை தெரிந்திருக்காது. கம்ப்யூட்டரே அபூர்வமாக இருந்த காலத்தில் கடையநல்லூர்க்காரர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தது அது. பையன்கள் ஜாய்ஸ்டிக்கை ஆட்டி விளையாடுவதைப் பார்த்த பிரின்சிபால், "படிப்புக்கு ஆகும்னு காட்டுங்க. இல்லேன்னா திருப்பிக் கொடுத்திருவோம்" என்றார். கணக்கு வாத்தியாரான எனக்கும் அதை விட்டால் வேறு கம்ப்யூட்டர் கிடையாது.

இசக்கியப்பன் சார் ஜாய்ஸ்டிக்கைக் கழற்றினார். "குச்சியை ஆட்டுனா உள்ள போற வோல்டேஜ் மாறுது. மெஷின் அதை நம்பரா வாசிக்குது. குச்சிக்குப் பதிலா பேட்டரியை மாட்டுனா அதையும் வாசிக்கணும்லா?"

காட்ட வேண்டிய நாள் நல்ல சாரல். முக்கியமான காரியம் என்றால் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவது அவர் வழக்கம். பிசுக்குப் போகாத கையோடு வந்து டார்ச் பேட்டரியை வோல்ட்மீட்டரில் அளந்தார்: 1.2. பிறகு ஜாய்ஸ்டிக் இருந்த இடத்திலிருந்து வந்த கம்பியைப் பேட்டரியில் வைத்து டேப் ஒட்டினார். திரையிலும் 1.2. "சரி, இங்கனயே இருக்கட்டும்" என்று பிரின்சிபால் போய்விட்டார். நான் கைதட்டியே விட்டேன்.

சார் பேட்டரியை எடுத்தார். எண்ணெய்க் கையால் ஒட்டிய டேப் பிடிக்காமல் கம்பி எப்போதோ நழுவியிருந்தது. திரையில் அப்போதும் 1.2. ஈரக்காற்றா, எதையும் தொடாத கம்பி எங்கிருந்தோ எதையோ வாங்கிக்கொண்டதா, இருவருக்கும் விளங்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மெல்ல ஏறியது.

"விடுங்க சார், சரியாத்தானே காட்டுச்சு" என்றேன்.

"சரியா காட்டல மேடம். சரியா இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றவர், குடைகூட எடுக்காமல் பிரின்சிபால் பின்னால் ஓடினார்.

பிரின்சிபால் திரும்பி வந்தார். கையைத் துடைத்துக் கம்பியை இறுக்கிக் கட்டியும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் எண். கம்ப்யூட்டர் கடையநல்லூருக்கே போனது. நான் ரொம்ப நாள் அவரோடு பேசவில்லை. "கோவமா இருக்கீயளா மேடம்?" என்பார். கோபம்தான். அவர் செய்ததில் தப்பும் இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இப்போதெல்லாம் மாணவர்கள் சரியான விடை எழுதியிருந்தாலும் கூப்பிட்டு, "எப்படி வந்துச்சு?" என்று கேட்கிறேன். முறைக்கிறார்கள். சாரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இந்தக் கேள்விதான். அவர் போய்விட்டார் என்பதும் சரியான செய்திதான். மாலை போட்டு, முகம் பார்த்துவிட்டு வந்தேன். அது எப்படி வந்துச்சு என்றுதான் விளங்கவில்லை.